குனிந்து பார்க்கும் கேமரா: சில கேள்விகள், சில பதில்கள்

அப்பாவின் ஸ்டுடியோவில் ஒரு யாஷிகா மேட் 124ஜி இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றையும் அப்பா அதில்தான் எடுத்தார். அந்தக் கேமராவைத் துடைத்துப் பழகிய கை, இன்று பிறருடைய ரோலிஃபிளெக்ஸ், மினோல்டா ஆட்டோகார்ட், லுபிடெல் ஆகியவற்றையும் பழுது பார்க்கிறது. இந்த இரட்டை லென்ஸ் கேமராக்களில் மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. எனக்கு எழுதிக் கேட்டவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது: மேலே உள்ள பார்வைக் கண்ணாடி, உள்ளே ஓடும் பிலிம். அதனால் அவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

அக்கா, தாத்தாவின் ரோலிஃபிளெக்ஸ் எனக்கு வந்திருக்கிறது. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரிகிறது. என் மகள் இடப்பக்கம் ஓடினால் கண்ணாடியில் வலப்பக்கம் ஓடுகிறாள். பழுதா?

பழுதே இல்லை. லென்ஸ் எந்தக் காட்சியையும் தலைகீழாகவும் இடம் வலம் மாற்றியும்தான் தரும். உள்ளே 45 பாகையில் சாய்ந்திருக்கும் ஆடி, அந்த ஒளியை மேலே உள்ள சொரசொரப்பான கண்ணாடிக்குத் திருப்பும்போது தலைகீழ் நிமிர்ந்துவிடுகிறது. இட வல மாற்றம் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது.

பிலிம் போடாமல் ஒரு வாரம் வீட்டிலேயே பழகுங்கள். கண்ணாடியில் ஆள் போகும் பக்கம் கேமராவைத் திருப்பத்தான் கை துடிக்கும். திருப்பினால் ஆள் படச் சட்டத்தை விட்டே போய்விடுவார். கண்ணாடியை மறந்துவிட்டு, உங்கள் வயிறு அந்த ஆளை நோக்கித் திரும்பட்டும். கேமரா வயிற்றோடு ஒட்டி இருப்பதால் அது தானாகச் சரியாகிவிடும்.

சாய்வு இதற்கு நேர்மாறு. அடிவானமோ சுவரோ கண்ணாடியில் வலப்பக்கம் தாழ்ந்து தெரிந்தால், கேமராவின் வலப்பக்கத்தைத்தான் உயர்த்த வேண்டும். தாழ்ந்த பக்கத்தைத் தூக்கு என்ற அளவில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கட்டம் கோடு போட்டிருந்தால் அதை ஜன்னல் ஓரத்தோடு பொருத்திப் பாருங்கள்.

இந்த மாற்றத்தை நான் குறையாக நினைத்ததே இல்லை. பழகிய முகமும் பழகிய தெருவும் திரும்பித் தெரியும்போது, அவற்றை முதன்முறை பார்ப்பதுபோல் பார்க்கிறோம். எங்கே காலியாக இருக்கிறது, எங்கே கனமாக இருக்கிறது என்பது உடனே கண்ணில் படும்.

மேடம், வெயிலில் கண்ணாடியில் எதுவுமே தெரிவதில்லை. வீட்டுக்குள்ளும் மங்கல்தான். ஃபோகஸ் எப்படிச் சரிபார்ப்பது?

மூடிக்குள் மடங்கியிருக்கும் சிறிய பூதக்கண்ணாடியை எழுப்புங்கள். அதை எழுப்பாமல் ஃபோகஸ் செய்தவர்களின் நெகட்டிவ்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் மூக்கு கூர்மை, கண் மங்கல். கண்ணை அதன்மேல் ஒட்டி வைத்தால் வெளி வெளிச்சமும் அடைபடும். சில விநாடி காத்திருங்கள், கண் இருட்டுக்குப் பழகும். ஃபோகஸ் குமிழைக் கூர்மை தாண்டும்வரை திருப்பி, பிறகு திரும்பி வந்து நிறுத்துங்கள். சட்டம் அமைக்கும்போது பூதக்கண்ணாடியை மடக்கிவிடலாம்.

இவ்வளவு செய்தும் மங்கலாக இருந்தால் ஆடி அழுக்காக இருக்கும். இங்கேதான் கெஞ்சிக் கேட்கிறேன்: துணியால் துடைக்காதீர்கள். நம் வீட்டு முகக்கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. வேட்டித்துணி பட்டால்கூட உரிந்து வரும். ரப்பர் பந்தால் காற்று அடியுங்கள். அதற்கும் போகாத பூஞ்சை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஆடியை மாற்றுவதே நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் கேமராவைத் தோல் உறையில் பூட்டி வைக்கவே கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

பாட்டியை அருகில் எடுத்தேன். கண்ணாடியில் கொண்டை முழுதும் தெரிந்தது. படத்தில் நெற்றியோடு வெட்டிவிட்டது.

மேல் லென்ஸுக்கும் கீழ் லென்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 4 செ.மீ. இடைவெளி இருக்கிறது. தூரத்துக் காட்சிக்கு இது பொருட்டல்ல. ஒரு மீட்டர் தூரத்தில் கொண்டையை எடுத்துவிடும். ரோலிஃபிளெக்ஸில் ஃபோகஸ் குமிழைத் திருப்பும்போதே கண்ணாடிக்கு அடியில் ஒரு சட்டம் நகர்ந்து இதை ஈடு செய்யும். அந்த வசதி இல்லாத கேமராவில் தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். முக்காலியில் இருந்தால், சட்டம் அமைத்த பிறகு கேமராவை அந்த 4 செ.மீ. உயர்த்திவிட்டு எடுங்கள்.

இன்னும் அருகில் போக ரோலைனார் போன்ற இணைப்பு லென்ஸ்கள் உண்டு. அவை இரண்டு துண்டுகளாக வரும். கனமான துண்டு மேல் லென்ஸுக்கு; அதில் உள்ள பட்டகம் பார்வையைக் கீழே சாய்த்துத் தரும். சிவப்புப் புள்ளி மேலே இருக்குமாறு மாட்டுங்கள்.

இடுப்பு உயரத்திலிருந்து எடுப்பதால் எல்லோருக்கும் மூக்குத் துளைதான் முதலில் தெரிகிறது. என்ன செய்யலாம்?

வாரைச் சுருக்கி, கேமராவை நெஞ்சுக்கு ஏற்றுங்கள். வாரைக் கழுத்தோடு இழுத்து விறைப்பாக்கினால் கை நடுக்கமும் குறையும். ஆள் மிக அருகில் இருந்தால் உட்காரவைத்து எடுங்கள். நாலடி பின்னால் போனாலே பாதிக் குறை தீரும்.

ஆனால் அந்தத் தாழ்ந்த பார்வையை முழுதாக விட்டுவிடாதீர்கள். சிகாகோ தெருக்களில் ரோலிஃபிளெக்ஸோடு நடந்த விவியன் மேயரின் படங்களைத் தேடிப் பாருங்கள். அதில் சாதாரண மனிதர்கள் நிமிர்ந்து, நம்மைவிட உயரமாக நிற்பார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலாவும் ரோலிஃபிளெக்ஸில் எடுத்தவர். குனிந்து நிற்கும் ஆளைக் கண்டு யாரும் விறைத்துப் போவதில்லை. கண்ணுக்கு நேரே கேமராவைத் தூக்கும்போதுதான் முகம் மாறுகிறது.

கபடி எடுக்க ஆசை. குனிந்து பார்த்தால் ஆட்டக்காரர் ஓடியே போய்விடுகிறார்.

மூடியின் முன்பலகையை உள்ளே தள்ளினால் ஒரு சதுர ஓட்டை கிடைக்கும். அதன் வழியே கண் மட்டத்தில் நேராகப் பாருங்கள். இடம் இடமாகவே இருக்கும். ஃபோகஸ் தெரியாது என்பதால், பாடி வருபவர் எந்தக் கோட்டில் தொடுவார் என்று பார்த்து அந்தத் தூரத்தை முன்பே வைத்துவிடுங்கள். அப்பெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப்/8 அல்லது எஃப்/11. ரோலிஃபிளெக்ஸில் அந்தச் சதுரத்தோடு இன்னொரு சிறு துளையும் ஓர் ஆடியும் உண்டு. கேமராவை இறக்காமலேயே அதில் ஃபோகஸ் பார்க்கலாம், காட்சி தலைகீழாகத் தெரியும்.

தேர்த்திருவிழாக் கூட்டத்தில்?

கேமராவைத் தலைகீழாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து கண்ணாடியைப் பாருங்கள். அந்தக் காலப் பத்திரிகைக்காரர்கள் செய்ததுதான். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

என்னுடையது ரோலிஃபிளெக்ஸ் ஆட்டோமேட். முதல் ரோலிலேயே தோற்றேன். சுற்றிக்கொண்டே போனேன், எண்ணும் வரவில்லை, கிராங்க் (பிலிம் சுற்றும் கைப்பிடி) நிற்கவும் இல்லை. 12 படமும் போய்விட்டது. எங்கே தவறு?

உங்களுடையது ரோலிஃபிளெக்ஸ் ஆட்டோமேட் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். 1937இல் வந்த அந்த வகையில், பிலிம் தொடங்கும் இடத்தைக் கேமராவே தடவிக் கண்டுபிடிக்கும். பிலிமோடு சேர்ந்து சுற்றியிருக்கும் பின்தாள் வெறுமையாக இருக்கும் இடத்தைவிட, பிலிம் ஒட்டியிருக்கும் இடம் சற்றுத் தடிமன். கீழ்ப்பக்கம் உள்ள இரு உருளைகள் அந்தத் தடிமனை உணர்ந்துதான் எண்ணைத் தொடங்குகின்றன. தாளை அந்த உருளைகளுக்கு நடுவே நுழைக்காமல் மேலாகவே இழுத்துவிட்டால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் செய்தது அதுதான்.

யாஷிகா மேட், ஆட்டோகார்ட் ஆகியவற்றில் இந்த உணர் உருளை இல்லை. தாளில் குறுக்கே அச்சிட்ட அம்புக்குறி, கேமராவின் உள் ஓரத்தில் உள்ள குறிக்கு நேராக வரும்வரை சுற்றி, அங்கே நிறுத்தி, முதுகை மூட வேண்டும். லுபிடெல் போன்றவற்றில் முதுகில் உள்ள சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்துச் சுற்ற வேண்டும். அதில் ஷட்டரும் சுற்றும் குமிழும் இணைக்கப்படவில்லை. எடுத்தவுடன் சுற்றும் பழக்கத்தை வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழும்.

எல்லாக் கேமராவுக்கும் பொதுவானது: நிழலில் நின்று போடுங்கள். ரோலின் காகிதப்பட்டையைக் கிழித்த நொடியிலிருந்து கட்டைவிரல் ரோலை விட்டு நகரக் கூடாது. தாளின் நாக்கைக் காலி ஸ்பூலின் (பிலிம் சுற்றும் உருளையின்) பிளவில் நேராக நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, இரு ஓரமும் ஸ்பூலின் தட்டுகளுக்குச் சமதூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஏறினால் பிரித்து மறுபடி நுழைத்துவிடுங்கள். தாளின் நிறப்பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். 120 பிலிமின் காலி ஸ்பூலை ஒருபோதும் எறியாதீர்கள். அடுத்த ரோலின் பிலிம் வந்து சுற்றிக்கொள்ள அதுதான் வேண்டும். பழைய 620 ஸ்பூல் மெலிந்தது, இதற்குப் பொருந்தாது.

12 படமும் நன்றாக வந்தன, ஆனால் நெகட்டிவின் ஓரங்களில் கருப்பு நாக்குகள். கேமரா ஒழுகுகிறதா?

ஓரங்களில் மட்டும் என்றால் முதலில் ரோல் தொளதொளவென்று சுற்றப்பட்டதா என்று பாருங்கள். 12ஆவது படத்துக்குப் பிறகு கிராங்க் லேசாகும்வரை சுற்றி, நிழலில் திறந்து, ரோல் குதித்துப் பிரிவதற்குள் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். நாக்கை மடித்து ஒட்டுத்தாளை ஈரமாக்கி ஒட்டுங்கள். தாளைப் பிடித்து இழுத்து ரோலை இறுக்கப் பார்க்கக் கூடாது. பிலிமில் கீறல் விழும். உடனே அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் போடுங்கள். படத்தின் நடுவிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெளிச்சம் விழுந்தால் மட்டுமே முதுகின் பஞ்சுப் பட்டையைச் சந்தேகியுங்கள்.

என் 124ஜி 12ஐத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போகிறது.

முதுகின் உள்ளே பிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டு 24க்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. அது 24 படம் எடுக்கும் 220 பிலிமுக்கு உரியது. அந்தப் பிலிமில் பின்தாள் முழு நீளத்துக்கு இருக்காது. தட்டை 12க்குத் தள்ளுங்கள். பழையதாக வாங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அதே கேமராவின் ஒளி மீட்டர் தவறாகக் காட்டுகிறது.

அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் ஊசி ஏமாற்றும். கைபேசி மீட்டரே போதும். நல்ல வெயிலில் அதுவும் வேண்டாம்: ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப்/16, ஷட்டர் வேகம் 1/500 விநாடி.

அந்த 1/500ஐ வைக்கும்போது வளையம் முரண்டு பிடிக்கிறதே?

கிராங்க் சுற்றி ஷட்டர் ஏறிய பிறகு திருப்பியிருப்பீர்கள். பல பழைய ஷட்டர்களில் அந்த வேகத்துக்குத் தனி ஸ்பிரிங் உண்டு. 1/500ஐ முதலில் வைத்துவிட்டு, பிறகு சுற்றுங்கள். தானாகப் படமெடுக்கும் டைமரையும் தொடாதீர்கள், பழைய கேமராக்களில் அது பாதியில் நின்று ஷட்டரையே பூட்டிவிடும்.

வீட்டிலேயே கழுவுகிறேன். ஒளி புகாத கறுப்புப் பைக்குள் பிலிம், கழுவும் தொட்டியின் ரீலில் ஏற மறுக்கிறது. ஒருமுறை நீல ஒளிகூடத் தெரிந்தது, பயந்துவிட்டேன்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. நம் ஊர் வெக்கையில் பைக்குள் கை வேர்த்து, பத்தே நிமிடத்தில் உள்ளே ஈரம் ஏறிவிடும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் ரீலில் பிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. ரீல் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். அதிகாலையில் செய்யுங்கள். சிக்கினால் போராடாதீர்கள், பிலிமைத் தொட்டிக்குள் போட்டு மூடியை இறுக்கி, கையை வெளியே எடுத்துத் துடைத்து, காற்றாடியடியில் கொஞ்சம் நின்றுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நீல ஒளி, பிலிமைப் பின்தாளோடு பிணைக்கும் ஒட்டுப்பட்டையை வேகமாகப் பிய்க்கும்போது வருவது. மெல்ல உரியுங்கள், வராது. முழுதாக உரித்துவிடாமல், தாளை மட்டும் விலக்கி அந்த ஒட்டுப்பட்டையைப் பிலிம் முனையின்மேலேயே மடித்து ஒட்டிவிடுங்கள். முனை விறைப்பாகும். அந்த முனையை முதலில் ரீலில் நுழைத்தால் தானாக ஏறும்.

பிலிமைக் குளிர்பெட்டியில் வைப்பவர்கள், எடுத்தவுடன் உறையைப் பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். விமான நிலையத்தில் சி.டி. ஸ்கேனர் இருந்தால், கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

அப்பா இறந்தபின் அவருடைய கேமராவை எடுத்தேன். யாஷிகா மேட். எண் 7இல் நிற்கிறது. உள்ளே பிலிம் இருக்கிறது போலும். திறக்கட்டுமா?

திறக்காதீர்கள். கேமராவை இன்று யாரும் தொடாத இடத்தில் வையுங்கள்.

எண் 7 என்றால் உள்ளே குறைந்தது ஆறு படங்கள் இருக்கலாம். லென்ஸ் மூடியைப் போட்டு, இருண்ட அறையில் அமர்ந்து, ஷட்டரை அழுத்திச் சுற்றி, மறுபடி அழுத்திச் சுற்றி, 12ஐக் கடந்து லேசாகும்வரை போங்கள். கிராங்க் இறுகினால் வலுக்கட்டாயம் வேண்டாம். அப்படியே கறுப்புப் பைக்குள் வைத்துத் திறந்து பிலிமை எடுக்கலாம்.

வெளியே வந்ததும் தாளில் என்ன பெயர் என்று பாருங்கள். ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ என்றால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். கலர் பிலிமாக இருந்தாலும், இத்தனை ஆண்டுக்குப் பின் அதைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவினால் உருவம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடையில் கொடுப்பதானால் இதைச் சொல்லிக் கொடுங்கள், இல்லையேல் வழக்கமான கலர் ரசாயனத்தில் போட்டுவிடுவார்கள். பழைய பிலிம் சுருண்டு முறுக்கும், மூட்டமாகவும் இருக்கும். ஸ்கேன் செய்யும்போது அந்த மூட்டத்துக்குள்ளிருந்து முகத்தைப் பிரித்தெடுக்க முடியும்.

கழுவும் நாளில் எனக்கு எழுதுங்கள்.