தராசு முதலாளியோடது, விரல் யாரோடது?

கேள்வி: அக்கா, ரங்கூன்ல ஒரு பருப்புக் கடையில 6 வருஷமா எடை போடுறேன். எங்க எலக்ட்ரானிக் தராசு வெறும் தட்டுக்கே 3 டிக்கல் (இங்கத்த எடை) காட்டும், ஜீரோ பண்ணாதடான்னு முதலாளி சொல்லிட்டாரு. அப்பா செத்தப்ப வேலை கொடுத்தவரு, தங்கச்சி கல்யாணத்துக்கும் பணம் தந்தாரு. மனசு கேக்காம நம்ம சனங்க வந்தா ஒரு பிடி சேத்துப் போட்டுடுவேன். என் சேதனா (மனசு) சுத்தமாத்தான் இருக்கு, அப்ப பாவம் யாருக்கு? (தாமுவே பகுதி வாசகர்)

பதில்: தம்பி, பாவத்தை அப்புறம் பாப்போம், மொதல்ல கணக்கு. வீசைக்கு 100 டிக்கல், நம்ம பர்மா வீசை 1.63 கிலோ (ஊர்ல பழைய வீசை 1.4 கிலோதான், பேரு ஒண்ணு எடை வேற, அது தனிக்கதை), அப்ப 3 டிக்கல்னா கிட்டத்தட்ட 49 கிராம். டீக்கடைக்காரர் வந்து 5 வீசை அள்ளிட்டுப் போனா அவருக்கு 100க்கு 1 கூட நட்டமில்ல. அன்னன்னிக்குக் கூலிய வாங்கிட்டு வந்து 20 டிக்கல் பருப்பு கேக்குற அம்மாவுக்கு 100க்கு 15 போச்சு. உங்க தராசு எல்லாரையும் ஏமாத்துதுன்னு நீங்க நெனச்சிட்டிருக்கீங்க, இல்ல, அது ஆளு பாத்து அடிக்குது, அதுவும் இல்லாதவங்களா பாத்து.

அடுத்தது சேதனா. இங்க பேச்சு வழக்குல அது நல்ல மனசுங்கிற மாதிரி ஆயிடுச்சு, நம்மளும் அப்படியே சொல்லப் பழகிட்டோம், ஆனா பாளியில அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சே ஒண்ணைச் செய்ய மனசு துணியிறது, புத்தர் கர்மம்னு சொன்னதும் அதைத்தான். தட்டுல 3 இருக்குன்னு தெரிஞ்சும் பருப்பைக் கொட்டுறீங்களே, அந்த நொடியில இருக்கிறதுதான் உங்க சேதனா, ராத்திரி படுத்துக்கிட்டு வருத்தப்படுறது இல்ல. முதலாளி பங்கு குறையவே குறையாது, ஆனா அவரு பங்கு இருக்கிறதால உங்களோடது காணாமப் போயிடாதுல்ல?

அந்த ஒரு பிடி விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. தமிழ் பேசுனா ஒரு பிடி, பர்மாக்கார அம்மா வந்தா கெடையாது, அதுவும் முதலாளிக்குத் தெரியாம அவரு மூட்டையிலேர்ந்து. ரெண்டு பக்கமும் தப்பா நிக்கிறீங்க தம்பி, கோச்சுக்காதீங்க.

ஆனா உங்களுக்கு அவரு செஞ்சது சின்ன விஷயமில்ல, செஞ்சோற்றுக் கடன்னு ஒண்ணு இருக்குதான். கோயில் திருவிழான்னா விபீஷணன் சரியா கும்பகர்ணன் சரியான்னு பட்டிமன்றம் வைப்பாங்களே, ஒருத்தர் அண்ணனை விட்டுப் போனாரு, ஒருத்தர் கூடவே நின்னு செத்தாரு, தீர்ப்பு எப்படி வேணா சொல்லட்டும், ரெண்டு பேரும் மொதல்ல ராவணன் முகத்துக்கு நேரா நீ செய்றது தப்புன்னு சொன்னாங்க. நீங்க 6 வருஷத்துல ஒரு தடவையாவது வாயத் தொறந்தீங்களா? கடுதாசியில அதைப் பத்தி ஒரு வரியும் இல்ல.

சாயங்காலம் ஷட்டர் பாதி எறக்குனதுக்கப்புறம், மத்த பசங்க போனபிறகு சொல்லுங்க. ஆளுங்க முன்னாடி சொன்னீங்கன்னா அவரு மானம்தான் பெருசாயிடும், தராசு மறந்துபோயிடும். பாவம் புண்ணியம்னு ஆரம்பிக்காதீங்க, "மொதலாளி, நாளையிலேர்ந்து நான் ஜீரோ பண்ணித்தான் போடுவேன், வேணாம்னா என்னைக் குடோன்ல மூட்டை அடுக்கப் போடுங்க" அவ்வளவுதான். கட்டுப்படியாகலன்னு சொன்னா வீசைக்கு வெலைய ஏத்தட்டும், வாங்குறவங்க கண்ணால பாத்துட்டு வாங்கட்டும், வேணாம்னா அடுத்த கடைக்குப் போகட்டும். வேலையே போயிடுமோன்னு பயம் இருக்கும், வீட்டுல அடுப்பு எரியணுமே, அதனால வேற எடத்துல ரெண்டு பேர்கிட்ட வேலைக்குச் சொல்லிவச்சிட்டே பேசுங்க, அதுல ஒண்ணும் கோழைத்தனம் இல்ல.

கல்யாணப் பணம் பாக்கி எவ்வளவுன்னு அன்னிக்கே கேட்டு எழுதி வச்சுக்கோங்க, அதைச் சம்பளத்துல கழிச்சுக்கலாம்.