கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பிரின்டர் தானாக ஓடுகிறதா?

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், நாங்கள் எதுவும் கொடுக்காமலே லேசர் பிரின்டர் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சில நாள் முந்தின நாள் யாருக்கோ எடுத்த பக்கம் வருகிறது. சில நாள் மேலே ஒரே ஒரு வரி புரியாத எழுத்து, அப்புறம் வெள்ளைத் தாளாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இது வைரஸா? பிரின்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: இப்போதைக்குப் பிரின்டரை மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வைரஸ் மாதிரியும் தெரியவில்லை. நாளைக் காலை வெளியே வரும் தாளைக் கசக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

முந்தின நாள் பக்கம் வருகிறது என்றால், அது பிரின்டர் செய்யும் வேலை இல்லை. நாம் பிரின்ட் கொடுத்ததும் அது நேராகப் பிரின்டருக்குப் போய்விடுவதில்லை. விண்டோஸில் பிரின்ட் ஸ்பூலர் என்று ஒரு சர்வீஸ் இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் அது முதலில் டிஸ்கில் இரண்டு ஃபைலாக எழுதி வைக்கும். எஸ்பிஎல் ஃபைலில் அச்சாக வேண்டிய விஷயம் இருக்கும். எஸ்எச்டி ஃபைலில் யார் கொடுத்தது, எந்தப் பிரின்டருக்கு என்ற விவரம். அச்சாகி முடிந்த பிறகுதான் இரண்டும் அழியும். ராத்திரி பேப்பர் தீர்ந்து பாதியில் நின்ற வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினால், அந்த ஃபைல்கள் அங்கேயே கிடக்கும். காலையில் ஸ்பூலர் ஓட ஆரம்பித்ததும் அதை மறுபடி அனுப்பும்.

புரியாத எழுத்தும் பல நேரம் இதே வேலையின் மிச்சம்தான். பிரின்டருக்குப் போகும் தகவலின் தொடக்கத்தில், அது எந்தப் பிரின்டர் மொழியில் (பிரின்டருக்குப் புரியும் கட்டளை முறையில்) எழுதப்பட்டது என்று சொல்லும் சில வரிகள் உண்டு. அந்தத் தலைப்பகுதி அறுந்து மீதி மட்டும் போய்ச் சேர்ந்தால், பல பிரின்டர்கள் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு அச்சடிக்கும். இடையில் பக்கம் முடிந்ததற்கான குறி வந்தால் போதும், ஒரு தாளை வெளியே தள்ளிவிடும். உங்கள் ட்ரே காலியாவது இப்படித்தான் இருக்க வேண்டும்.

க்யூவில், அதாவது அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியலில் போய் கேன்சல் கொடுத்தால் பல நேரம் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே நிற்கும். அதனால் வேரோடு எடுத்துவிடுங்கள். பிரின்டரை ஆஃப் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் பிரின்ட் ஸ்பூலர் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டர் இருக்கட்டும். திரும்ப வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் செய்துவிட்டு, கடைசியாகப் பிரின்டரை ஆன் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் எழுத்து வந்தால், தாளின் முதல் வரியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'போஸ்ட்' என்று தொடங்கி 'ஐபிபி', 'பிரின்ட்', 'எச்டிடிபி' என்று போகிறதா? அப்படியென்றால் காரணம் வேறு. 2025 ஜனவரி கடைசியில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, யுஎஸ்பி பிரின்டிங், ஐபிபி (இன்டர்நெட் பிரின்டிங் ப்ரோட்டோகால்) என இரண்டு வழியிலும் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய யுஎஸ்பி பிரின்டர்கள் சிலவற்றில், பிரின்டரை ஆன் செய்தாலோ கேபிளைக் கழற்றி மாட்டினாலோ இப்படி அச்சாவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விண்டோஸ் 10 22எச்2, விண்டோஸ் 11 22எச்2, 23எச்2 பதிப்புகளில் இது இருந்தது. அதே ஆண்டு மார்ச் கடைசியில் வந்த அப்டேட்டில் சரி செய்தார்கள். அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கடைகள் பல உண்டு. உங்களுடையதும் அப்படி இருந்தால் ஒருமுறை ஓட விடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக இருந்து, ஷட் டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால் மட்டும் தொல்லை வருகிறதா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகப்படுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களின் பழைய நிலையை டிஸ்கில் எழுதி வைத்து, காலையில் அதையே எடுத்துப் போடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

அச்சு எதுவும் வராமல் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரின்டர்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தமக்கு வேண்டிய ஃபர்ம்வேரை (பிரின்டருக்குள் ஓடும் மென்பொருளை) கம்ப்யூட்டரிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும்.

எதிலும் பிடிபடவில்லை என்றால் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரின்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். அப்போதும் தாள் வந்தால் கோளாறு பிரின்டருக்குள்தான்; மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியதும் அப்போதுதான்.

முக்கியமான ஒன்று. உங்கள் கடையில் தினமும் எத்தனை பேருடைய ஆதார், பாஸ்புக், ஜாதிச் சான்றிதழ் அச்சாகிறது! முந்தின நாள் பக்கம் காலையில் தானாக வந்து விழுகிறது என்றால், யாரோ ஒருவருடைய ஆதார் அடுத்து வருபவர் கையில் போய்விடலாம். பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, 'கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்' (அச்சான பிறகும் வேலையை அழிக்காமல் வைத்திருப்பது) என்பதில் டிக் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கடையைப் பூட்டுவதற்கு முன் க்யூவில் எதுவும் நிற்கவில்லையே என்று பார்த்துவிட்டு ஷட் டவுன் கொடுங்கள்.