சிகரெட்டை விடுவதற்கு நிக்கோட்டின் பிளாஸ்டரும் சூயிங்கமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் பார்மசி ஒன்றில் 22 வருடம் மருந்து கொடுத்தவன் நான். அதில் முதல் 9 வருடமும் நானே சிகரெட் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் பிளாஸ்டர் ஒட்டித்தான் விட்டேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில், பஸ் சாரதி, 41 வயது: நாளுக்கு 15 சிகரெட். லண்டனில் இருக்கும் அக்கா 21 மில்லிகிராம் பிளாஸ்டர் அனுப்பியிருக்கிறா. விடவேண்டிய நிக்கோட்டினையே திரும்ப உடம்புக்குள் ஏற்றுவது சரியா? பயமாக இருக்கிறது.

தம்பி, இந்தப் பயத்தில்தான் பலர் பெட்டியை உடைக்காமலே வைத்திருக்கிறார்கள். உங்களைச் சிகரெட்டோடு கட்டி வைத்திருப்பது நிக்கோட்டின். நுரையீரலையும் இருதயத்தையும் கெடுப்பதோ பெரும்பாலும் புகையில் வரும் தாரும் காபன் மொனொக்சைட்டும் மற்ற நச்சுகளும். பிளாஸ்டரில் அந்தப் புகை இல்லை. சிகரெட்டின் நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டும். பிளாஸ்டரில் இருந்து அது மணித்தியாலக் கணக்கில் மெதுவாக ஊறும். அதனால் அந்தக் கிறக்கம் வராது, ஆனால் எரிச்சலும் பதற்றமும் அடங்கும்.

நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு 21 மில்லிகிராம்தான் சரியான தொடக்கம். வழக்கமான கணக்கு 6 கிழமை 21, பிறகு 2 கிழமை 14, பிறகு 2 கிழமை 7. மூன்றாம் கிழமையிலேயே "இப்ப சுகமாயிருக்கு" என்று கழற்றிவிடாதீர்கள். நான் பார்த்தவர்களில் தோற்றவர்கள் அதிகம் இப்படித்தான் தோற்றார்கள். காலையில் மேல்கையிலோ நெஞ்சிலோ முதுகிலோ மயிர் இல்லாத இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் ஒரு கிழமைக்குத் திரும்ப ஒட்டவேண்டாம். இரவில் கனவு கூடி நித்திரை குழம்பினால் படுக்கும்போது கழற்றலாம். கழற்றியதில் இன்னும் நிக்கோட்டின் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பிள்ளைகளின் கை படாத இடத்தில் போடுங்கள்.

இன்னொன்று. பிளாஸ்டரோடு சூயிங்கத்தையும் சேர்த்துப் பாவித்தால், ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட வெற்றி கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிளாஸ்டர் நாள் முழுக்கத் தாங்கும். பஸ் நிலையத்தில் கண்டக்டர் தீப்பெட்டியை உரசும் அந்த ஐந்து நிமிடத்துக்குச் சூயிங்கம்.

குருநகர், கடற்றொழில்: வெயிலிலும் வியர்வையிலும் பிளாஸ்டர் கழன்று விழுகிறது.

எண்ணெய், கிறீம் எதுவும் இல்லாத காய்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஓரங்களில் சாதாரண ஒட்டுப் பிளாஸ்டர் போடலாம். கடும் சூடு பட்டால் பிளாஸ்டரில் இருந்து நிக்கோட்டின் வேகமாக இறங்கும். தலைச்சுற்று, குமட்டல் வந்தால் கழற்றிவிட்டு நிழலில் இருங்கள். இவ்வளவு செய்தும் பிளாஸ்டர் தோலில் ஒட்டி நிற்காவிட்டால் சூயிங்கத்துக்கு மாறுங்கள்.

சாவகச்சேரி, ஆசிரியர்: மூன்று நாள் சூயிங்கம் மென்றேன். தொண்டை எரிச்சல், விக்கல், வயிற்றுப் புளிப்பு. ஆசையும் அடங்கவில்லை. எறிந்துவிட்டேன்.

சேர், குறை உங்களிலும் இல்லை, சூயிங்கத்திலும் இல்லை. மெல்லும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை. சாதாரண சூயிங்கம் மாதிரி இதைச் சப்பினால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் புளிப்பும் அதனால் வருவதுதான். இரத்தத்தில் சேரவேண்டிய நிக்கோட்டின் சேராமல் வீணாகும். இது வாயின் உட்தோல் வழியாக ஊறவேண்டிய மருந்து. காரம் அல்லது விறுவிறுப்பு தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், வெற்றிலையை அடக்குவது மாதிரி. விறுவிறுப்பு அடங்கியதும் திரும்ப நாலு மெல்லு, வேறு பக்கத்தில் ஒதுக்கு. ஒரு சூயிங்கம் அரை மணித்தியாலம் வரும்.

அப்புறம், கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி எல்லாம் வாயைப் புளிப்பாக்கும். புளித்த வாயில் நிக்கோட்டின் ஊறாது. மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, மென்று முடியும் வரை தண்ணீர் மட்டும். இடைவேளையில் பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டே மென்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அளவையும் பாருங்கள். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் வேண்டியவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் 6 கிழமை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சூயிங்கம், ஆசை வந்தாலும் வராவிட்டாலும். நாளுக்கு 24ஐத் தாண்டக் கூடாது. இன்னொரு பெட்டி வாங்குங்கள் சேர், தயவுசெய்து.

மானிப்பாய், குடும்பப் பெண்: இவர் பிளாஸ்டர் ஒட்டி ஒன்பதாம் நாள் ஒரு செத்தவீட்டில் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டார். பிளாஸ்டரோடு புகைத்தால் ஹார்ட் அட்டாக் வரும் என்று யாரோ சொன்னார்களாம். பயந்து பிளாஸ்டரைக் கழற்றிவிட்டார், இப்போது திரும்பப் பழையபடி.

தங்கச்சி, அந்தக் கதையை நம்பவேண்டாம். பிளாஸ்டரோடு ஒன்றிரண்டு பிடித்தால் குமட்டலோ தலைச்சுற்றோ வரலாம், அவ்வளவுதான். விடுவதற்கு முன்பே ஒட்டி, சிகரெட்டைக் குறைத்துக் குறைத்து விடுகிற முறைகூட இருக்கிறது. இன்றே அடுத்த பிளாஸ்டரை ஒட்டச் சொல்லுங்கள். அவரிடம் கோபப்படாதீர்கள். எட்டு நாள் இருந்தது லேசான காரியம் இல்லை.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்: சிகரெட் தொட்டதே இல்லை. பிரான்சில் இருந்து வந்த மச்சான் தந்த வேப் தான். இப்போது இரவில் எழும்பியும் இழுக்கிறேன். எனக்கும் பிளாஸ்டர் சரிவருமா?

தம்பி, இரவில் எழும்பி இழுப்பது நிக்கோட்டின் உங்களை நன்றாகப் பிடித்துவிட்டதன் அறிகுறி. ஐரோப்பாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது, ஒரு கருவியில் 2 மில்லிலீற்றர்தான். அதுவே 40 மில்லிகிராம். வேறு இடங்களில் இருந்து கையில் வருவதில் ஒரு மில்லிலீற்றருக்கே 50 மில்லிகிராம் வரை இருக்கும். உப்பு வடிவ நிக்கோட்டின் என்பதால் தொண்டையில் உறைக்காது. எவ்வளவு இழுத்தோம் என்று தெரியாமலே போகும்.

வேப்பை எண்ணிக் கணக்குப் பார்க்க முடியாது. எழும்பியதும் எத்தனை நிமிடத்தில் தேடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் நிலைக்கு 21 மில்லிகிராம் பிளாஸ்டரும் 4 மில்லிகிராம் சூயிங்கமும் பற்றி வைத்தியரோடு கதைத்துத் தொடங்குவது நல்லது. வேப்புக்கு இவற்றைப் பாவித்த ஆய்வுகள் சிகரெட்டுக்கு உள்ள அளவு இல்லை. ஆனால் விடவேண்டிய போதை அதே நிக்கோட்டின்தான். ஒரேயடியாக முடியாவிட்டால் வலு குறைந்த திரவத்துக்கு இறங்குங்கள், பிறகு இழுக்கும் இடங்களைக் குறையுங்கள். முதலில் படுக்கையறை. கருவியை இன்றிரவே வேறு அறையில் வையுங்கள்.

நல்லூர், கடை முதலாளி: போன வருடம் நல்லூர்க் கொடியேற்றத்தன்று விட்டேன். 25 நாள் திருவிழா முழுக்க விரதம், ஒன்றும் தொடவில்லை. முடிந்த கிழமையே பழையபடி. எனக்கு மனத்திடம் இல்லையா?

அண்ணை, எந்த மருந்தும் இல்லாமல் 25 நாள் இருந்தவருக்கா மனத்திடம் இல்லை? உடம்பின் தவிப்பு முதல் சில நாட்களில்தான் உச்சம். மூன்று நாலு கிழமையில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். பிறகு இழுத்தது பழக்கம்: கடை பூட்டும் நேரம், சந்தியில் நிற்கும் சிநேகிதர். திருவிழாவில் விரதம் உங்களுக்கு வேலியாக நின்றது, அது முடிந்த நாளில் வேலியும் போனது. இம்முறை அதே நாளில் விடுங்கள், ஆனால் பிளாஸ்டரோடு. கொடி இறங்கிய பிறகும் 6 கிழமைக்கு மேல் அது உங்களோடு இருக்கும். ஆசை ஒரு அலை மாதிரி, சில நிமிடத்தில் தானாக இறங்கும்.

உடுவில்: விட்டுப் பதினொரு நாள். பிளாஸ்டர் ஒட்டுகிறேன். நெஞ்சு படபடக்கிறது, கை நடுக்கம், நித்திரை இல்லை.

எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள்? சிகரெட் புகை கோப்பியின் கஃபீனை ஈரலில் வேகமாக உடைக்க வைக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். அதே நாலு கோப்பி இப்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்யும். பாதியாகக் குறையுங்கள், இரண்டு நாளில் வித்தியாசம் தெரியும். அப்படியும் படபடப்பு இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் குளிசை எடுப்பவர்களும், மனநோய்க்குக் குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர்களும் சிகரெட்டை விடப்போவதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். மருந்தின் அளவை மாற்றவேண்டி வரும்.

வேலணை: அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறா. சூயிங்கம் உதவுமா?

புகையிலைக்கு உதவலாம். பாக்குக்கு உதவாது, பாக்கும் தனியாகவே வாய்ப் புற்றுநோயைத் தரக்கூடியது. அம்மாவின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் சூயிங்கத்தைப் பற்றி யோசிக்க முன் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள், இருதய வருத்தக்காரர் பலர் கேட்டிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் முதலில் மருந்தில்லாமல் முயலவேண்டும், முடியாவிட்டால் வைத்தியர் சொல்லும்படி. ஹார்ட் அட்டாக் வந்து இரண்டு கிழமை ஆகாதவர்கள் தாங்களாகத் தொடங்கவேண்டாம். மற்ற இருதய நோயாளிகளுக்குச் சிகரெட்டைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. கதைத்து ஆலோசனை பெற விரும்பினால் புகையிலை, மதுசாரத்துக்கான தேசிய அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு எடுங்கள்.

அச்சுவேலி, 61 வயது: புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை நான். முதலில் சுருட்டு, பிறகு சிகரெட், 40 வருடம். இனி விட்டு என்ன பிரயோசனம்?

ஐயா, பிரித்தானிய வைத்தியர்களை 50 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. 60 வயதில் சிகரெட்டை விட்டவர்களுக்கும் ஏறத்தாழ 3 வருட ஆயுள் கூடியது. என் அப்பாவும் உங்களைப் போலத்தான் கேட்டார், நான் அப்போது பதில் சொல்லத் தெரியாத பெடியன். கட்டுப்பல் இருந்தால் சூயிங்கம் ஒட்டும், வாயில் வைத்துச் சூப்பும் நிக்கோட்டின் வில்லை எடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, நாளுக்கு எத்தனை? இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அளவைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், அதை வைத்தியரிடம் காட்டித் தொடங்கலாம்.