உட்கார்ந்திருப்பவர் கட்சி

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பூங்காவுக்குப் போய், மூங்கில் புதர்களுக்கு எதிரே உட்கார்ந்து இயற்கையை ரசித்துவிட்டு வருகிறேன். 'அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?' என்று என் மனைவி கேட்கிறார். பதில் சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

— ஆர்.கே., அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் வீட்டு வழக்கில் நான் தலையிடுவதாக இல்லை. ஆனால் 'உட்கார்ந்து' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகவே கடிதக் கட்டிலிருந்து உங்களுடையதை உருவினேன். பூங்காவுக்குப் போய் உட்காருகிற ஆள் இன்னும் ஒருவர் மிச்சம் இருக்கிறார் என்பதே இந்த வாரத்தின் நல்ல செய்தி.

எங்கள் பேட்டைப் பூங்காவில் அது நடக்காது. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் ஷூ போட்ட கூட்டம் உள்ளே பாயும். எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். எதிர்த்திசையில் நடந்தால் ஏதோ சாமி குற்றம் செய்துவிட்ட மாதிரி முறைப்பார்கள். ஒருவர் சட்டைப்பையில் சுப்ரபாதம், அடுத்தவர் பையில் பங்குச்சந்தை நிலவரம். சிமென்ட் பெஞ்சு இருக்கிறது, ஆனால் முதுகு சாய்கிற இடத்தில் உபயதாரர் பெயரை அழுத்தமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரைமணி உட்கார்ந்து எழுந்தால் அவர் பெயர் நம் முதுகில் இருக்கும். 'அழகுபடுத்துகிறோம்' என்று வேப்பமரத்தின் அடிவரை சிமென்ட் கல்லைப் பதித்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் வேருக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன், பதில் இல்லை. வெயில் ஏறி, மனிதனுக்கு மரநிழல் தேவைப்படுகிற பத்து மணிக்குச் சரியாக விசில் ஊதிப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி திறப்பது சாயங்காலம்.

இதையெல்லாம் முன்பே இந்தப் பக்கத்தில் எழுதி, அங்குள்ள நடைப்பயிற்சிச் சங்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் நான். 'தினம் பத்தாயிரம் அடி நடக்காதவருக்குப் பூங்காவைப் பற்றிப் பேச அருகதை இல்லை' என்று சங்கத்துச் செயலாளர் கடிதம் போட்டார். ஐயா, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965-இல் ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த கணக்கு அல்ல. விளம்பரத்துக்கு எடுப்பாக இருந்த எண். நடப்பது நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு மரம் தெரியாது. இது என் கட்சி.

சரி, உட்கார்ந்தால் என்ன தெரியும்? முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. நீங்கள் வந்த சத்தத்தில் எல்லாம் ஒளிந்திருக்கும். அப்புறம் ஓர் அணில் தலைகீழாக இறங்கி, பாதி வழியில் ஒட்டிக்கொண்டு உங்களை எடைபோடும். ஆபத்தில்லாத ஆள் என்று முடிவானதும் மற்ற வேலைகள் தொடங்கும். லேசாகக் காற்று அசைந்தாலே மூங்கில் ஒன்றோடொன்று உரசி முனகும். குருத்தை மூடியிருந்த உறை ஒன்று பொத்தென்று விழும். அதைக் கையில் எடுக்காதீர்கள். அதன் சுணை கழுத்தில் பட்டுவிட்டால் அன்றைய ரசனை அத்தோடு முடிந்தது.

அப்புறம், செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பட்டுப்போன கிளையின் உச்சியில் உட்கார்ந்து 'டொங்க், டொங்க்' என்று விடாமல் தட்டும். தொண்டை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கும், அலகு திறக்காது. வாயை மூடிக்கொண்டே காலை முழுக்கப் பேசும் பறவை! வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாதவர்கள் சிலர் எங்கள் அலுவலகத்தில் உண்டு. பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தைப் பிழை திருத்துகிறவர்களும் அவர்கள்தான்.

பறவை என்றதும் பழைய பகை ஒன்று நினைவுக்கு வருகிறது. கவிஞர் ஒருவர் 'பெண்குயில் கூவி ஆண்குயிலை அழைக்க' என்று எழுதி அனுப்பினார். கூவுவது ஆண், கறுப்பாக இருப்பது. பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும், 'கிக் கிக் கிக்' என்று கத்துமே தவிரக் கூவாது என்று கீழே ஒரு குறிப்புப் போட்டு வெளியிட்டோம். அன்றோடு எங்கள் படியேறுவதை நிறுத்திவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாடே சரோஜினி நாயுடுவைக் கவிக்குயில் என்றது. பாடுகிற பெண்ணுக்கெல்லாம் குயில் பட்டம் தருகிறோம். நியாயமாகப் பார்த்தால் அதைப் பாகவதர்களுக்கல்லவா தந்திருக்க வேண்டும்! காக்கை கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவது மட்டும்தான் பெண்குயில் வேலை. அதற்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சில அரசியல்வாதிகளைத் தெரியும்.

கப்பனை மறந்துவிட்டேனே. மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை மைசூர் சமஸ்தானத்துக்குக் கமிஷனர். பதவியை விட்டு ஊருக்குக் கப்பலேறிப் போகும் வழியில் சூயஸில் காலமானார். பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி பூங்காவை உருவாக்கியது 1870-இல். அதாவது கப்பன் தன் பூங்காவில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை. மனிதர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, ஆகவே 'அங்கே போய் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கவும் ஆளில்லை. 1927-இல் சாமராஜேந்திர பூங்கா என்று முறையாகப் பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

உண்மையில் பெங்களூர்க்காரர்கள் நன்றி சொல்ல வேண்டிய வெள்ளைக்காரர் வேறொருவர். லால்பாக் தாவரவியல் தோட்டத்தை 1908 முதல் 1932 வரை பார்த்துக்கொண்ட ஜெர்மானியர் க்ரும்பீகல். ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று தொடங்க வேண்டும், ஊரில் எந்த மாதமும் பூ இல்லாமல் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நட வைத்தவர். அதனால் உங்கள் மனைவிக்கு 'இந்த மாதம் எது பூத்திருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்' என்று சொல்லலாம். நம்ப மாட்டார், ஆனால் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வாகனங்கள் கிடையாது என்பதால் அவரையும் அழைத்துப் போகலாம். உட்கார்வதற்குத்தான், நடப்பதற்கு அல்ல.

இன்னொன்று. நான் சொன்ன கவிஞர் அடுத்த மாதம் ஏதோ விழாவுக்குப் பெங்களூரு வருகிறாராம். பூங்காப் பக்கம் தென்பட்டால், பழுப்பாகப் புள்ளி போட்ட குயில் ஒன்றைக் காட்டி, அது கூவும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.