சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஏற்றுவதற்கு முன்

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்து வருஷமாக ஹட்டன், நுவரெலியா, கம்பளை ரோட்டில் வேன் ஓட்டுகிறேன். சொந்தமாக ஒரு பழைய ஹொண்டா சிவிக் இருக்கிறது. ஒரு தடவையாவது ரேஸ் ட்ராக்கில் வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை. 85,000 ரூபா தந்தால் ரேஸ் லைசன்ஸ், ட்ராக்கில் இடம், காப்புறுதி எல்லாம் எடுத்துத் தருவதாகக் கண்டியில் ஒருவர் சொல்கிறார். பாதிப் பணத்தை முதலிலேயே கேட்கிறார். கொடுக்கலாமா? என் கார் தாங்குமா? அம்மா பயப்படுகிறார்."

தம்பி, முற்பணம் கொடுக்க வேண்டாம். கார் தாங்கும். ஆனால் பிரேக் இப்போது இருக்கிற நிலையில் தாங்காது. இந்த இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன். போட்டிக்கு வரும் கார்களை ஓடவிடுவதற்கு முன் பரிசோதிப்பது என் வேலை. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

முதலில் அந்தக் கண்டி ஆளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தக் கழகம் நடத்துகிறது? எந்தத் திகதி? எந்த ட்ராக்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். இந்தப் பதிலை நம்பிப் பணம் கட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பண்டாரவளைப் பக்கத்துப் பையன் ஒருவன் இரவோடு இரவாகக் காரை ஓட்டிக்கொண்டு கீழே வந்து, விடியற்காலை ட்ராக் வாசலில் நின்றான். கையில் ஒரு ரசீது. அதில் கழகத்தின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பதிவுப் பட்டியலில் அவன் பெயரும் இல்லை. பணம் வாங்கியவரின் தொலைபேசி அணைந்து கிடந்தது. திருப்பி அனுப்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. அவன் அப்பா கொழுந்து லொறி ஓட்டுபவர். அந்தக் காசு அவர் சேர்த்துக் கொடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

போட்டி லைசன்ஸ் என்பது புரோக்கர் எடுத்துத் தரும் பொருள் அல்ல. நீங்களே ஒரு மோட்டார் விளையாட்டுக் கழகத்தில் அங்கத்தவராகி, விண்ணப்பம் நிரப்பி, டொக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கி, உங்கள் பெயரில் எடுப்பது. பணத்தைக் கழகத்தின் வங்கிக் கணக்கில் கட்டுங்கள், தனி ஆளின் கணக்கில் கட்டாதீர்கள். படிவம் புரியவில்லையே என்று பயந்துதான் நம் பிள்ளைகள் இடையில் நிற்கும் ஆட்களிடம் போகிறார்கள். இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த விதிமுறைப் புத்தகங்களில் தமிழில் ஒன்றுகூட இல்லை. கேட்டால் "அடுத்த முறை" என்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்தது காப்புறுதி. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, "பொறுப்பேற்காத சந்தர்ப்பங்கள்" என்ற பகுதியைப் படியுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். ட்ராக்கில் கார் சுவரில் மோதினால் ஒரு சதமும் வராது. "முழுக் காப்புறுதி" என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார் லீசிங்கில் இருந்தால் இன்னும் சிக்கல். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனி. அவர்களின் சொத்தை நீங்கள் ட்ராக்கில் உடைத்தாலும் தவணை மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். லீசிங் முடியாத காரைத் தயவு செய்து ட்ராக்கில் ஏற்ற வேண்டாம்.

சரி, பிரேக்குக்கு வருவோம். உங்கள் உயிர் இருப்பது இதில்தான்.

மலை ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு பிரேக் நமக்கு அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை இருக்கும். ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்து இறக்கத் தெரிந்தவர் நீங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் அங்கே நீங்கள் போவது 40, மிஞ்சினால் 50. வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. 50 கிலோமீற்றரில் இருந்து நிறுத்துவதையும் 150இல் இருந்து நிறுத்துவதையும் ஒப்பிட்டால் ஒன்பது மடங்கு. ட்ராக்கில் இதை ஒரு தடவை செய்து முடிப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து முறை, பிரேக் ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் செய்கிறீர்கள்.

அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகிறது. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். நம் ஊர் மூட்டத்திலும் மழையிலும் இரண்டு மூன்று வருஷம் மாற்றாமல் ஓடிய காரின் ஒயிலில் தண்ணீர் சேராமல் இருக்காது. டொட் 4 என்று எழுதிய புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அதற்கு உள்ள உத்தரவாதம் 155 பாகைதான். பழைய கார்களில் இருக்கும் டொட் 3 ஈரம் ஏறினால் 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு சுற்று நன்றாகப் பிடித்த பிரேக் மூன்றாவது சுற்றில் இல்லாமல் போவது இப்படித்தான். அதற்கு முன் அறிவிப்பு என்று ஒன்று கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ட்ராக்குக்குப் போகும் வாரத்தில், மூடி உடைக்காத புதுப் போத்தலில் இருந்து டொட் 4 ஒயில் முழுவதும் மாற்றுங்கள். கராஜில் பாதி தீர்ந்த போத்தல் அலுமாரியில் இருக்கும், அதை ஊற்றப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நான்கு சக்கரத்திலும் பழைய ஒயில் வெளியேறிப் புதியது வருவதைக் கண்ணால் பாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வருஷத்துக்கு ஒருவராவது இந்தக் குழியில் விழுகிறார். எண் கூடினால் நல்லது என்று நினைத்து டொட் 5 வாங்கி ஊற்றுகிறார்கள். டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டொட் 4க்குப் பதில் டொட் 5.1 ஊற்றலாம், அது இன்னும் அதிகச் சூடு தாங்கும். ஆனால் புள்ளி ஒன்று இல்லாத வெறும் டொட் 5 வேறு பொருள், சிலிக்கன் ஒயில். அது மற்றவற்றோடு கலக்காது. பழைய ஒயில் மிச்சம் இருக்கிற குழாயில் அதை ஊற்றினால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். ஈரம் ஒரு மூலையில் சேரும், பெடல் பஞ்சு போல அமுங்கும். கடையில் கேட்கும்போது "ஐந்து" என்று வாயால் சொல்லாதீர்கள். "ஐந்து புள்ளி ஒன்று" என்றும் சொல்லாதீர்கள், கடைப் பையன் காதில் ஐந்து மட்டும்தான் விழும். போத்தலைக் கையில் வாங்கி எண்ணைப் படியுங்கள். எண் தெளிவாக இல்லையா, டொட் 4 போதும், அதையே வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்களுடைய காருக்கு, முதல் நாளுக்கு, அது தாராளம்.

பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டயர் பற்றிச் சுருக்கமாக: டேக் டயரோடு, அதாவது தேய்ந்த டயருக்கு மேல் புது இறப்பர் ஒட்டியதோடு, ட்ராக்கில் கால் வைக்கக் கூடாது. மேலே ஒட்டிய இறப்பர் சூட்டில் கழன்று பறக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. "பூ நன்றாக இருக்கிறது" என்று விற்கும் பழைய டயரில் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். ஹெல்மட்டும் அப்படியே. உங்களிடம் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மட் கார் ரேஸுக்கு ஆகாது. கார் ரேஸ் ஹெல்மட்டின் உள்துணி எளிதில் தீப்பிடிக்காத வகை. உள்ளே ஸ்னெல் என்ற தரச்சான்று முத்திரையில் எஸ்ஏ என்ற எழுத்து இருக்க வேண்டும், எம் இருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கு. வெளிநாட்டில் கழித்துப் போட்டதை "ரேஸ் ஹெல்மட்" என்று இங்கே விற்கிறார்கள். ஒருமுறை அடிபட்ட ஹெல்மட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே செத்தது. முதல் நாளுக்குக் கழகத்திலோ பயிற்சி தருகிற இடத்திலோ வாடகைக்குக் கேளுங்கள்.

இனி ஓட்டுவது. நம் ரோட்டில் கண் பக்கத்தில்தான் இருக்கும். முடக்கில் பஸ் வருகிறதா, ஆள் நிற்கிறாரா என்று பார்த்தே பழகியிருக்கிறோம். ட்ராக்கில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் போகிறீர்கள். பக்கத்தில் பார்த்தால் பார்த்ததெல்லாம் கடந்துபோய்விடும். அடுத்த வளைவைப் பாருங்கள். பிரேக்கை நேரான பாதையிலேயே பிடித்து முடித்துவிட்டு, பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வளைவின் நடுவில் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால் எக்ஸலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். உங்கள் சிவிக் முன்சக்கரத்தில் இழுக்கிற கார். காலை எடுத்த கணமே பாரம் முன்னுக்குப் போய், பின்பக்கம் பிடி இழந்து சுழற்றும். காலை மெதுவாகத் தளர்த்தி, பார்வையை வெளியேறும் பக்கத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்று, மலையில் இருந்து போகிறவர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தி இழந்துதான் மலையில் ஓடுகிறது. அதே கார் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்தைக்கு, அந்த உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் உள்ள ட்ராக்குக்குப் போனால் வேறு கார் மாதிரி இழுக்கும். பழகிய காதும் காலும் ஏமாந்து, வளைவுக்கு நீங்கள் நினைத்ததைவிட வேகமாக வந்து சேருவீர்கள். முதல் ஐந்து சுற்றையும் பாதி வேகத்தில் ஓட்டுங்கள்.

ஆனால் உண்மையான யோசனை கேட்டால், சிவிக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பண்டாரகமவில் உள்ள கார்ட்டிங் (கூரையில்லாத சின்ன ரேஸ் கார்) ட்ராக்குக்கு முதலில் போங்கள். காரும் ஹெல்மட்டும் அங்கேயே தருவார்கள். பார்வை, பிரேக், பாதை மூன்றும் அதில் பழகும். தப்புச் செய்தாலும் டயர் அடுக்கில் முட்டி நிற்பீர்கள். அதன் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், அந்த 85,000ஐ இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தமிழ்நாட்டுக்குப் போகலாம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த ட்ராக் இருக்கிறது, 3.7 கிலோமீற்றர். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ட்ராக் இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் அவர்களின் காரைத் தந்தே பழக்குகின்றன. சொல்லிக்கொடுப்பதும் நம் மொழியில் புரியும்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் ரோட்டை மூடிக் கார்களை ஏற்றுகிறார்கள், சீசன் முடிந்தால் ரோட்டைத் திறந்துவிடுகிறார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் மலையில் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி வேகமாக ஓட்டிப் பழக ஒரு கிலோமீற்றர் கூடக் கிடையாது. தொண்ணூறு வருஷம் போட்டி நடத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சித் தளம் அமைக்க இடம் கிடைக்கவில்லையாம். இராத்திரியில் ரதல்ல ரோட்டில் பையன்கள் காரை முறுக்கினால் மட்டும் பொலிஸுக்கு இடம் தெரிகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராமல் ட்ராக்கைத் தேடுகிறீர்கள், அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவின் பயத்துக்குப் பதில். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நேரில் பார்த்தால் பாதி பயம் குறையும். ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்பதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பிடி இழந்த கார் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் போகும். ஆகவே வெளிப்பக்கத்தில், வெறும் கயிறு கட்டிய இடத்தில் அம்மாவை நிற்க வைக்காதீர்கள். கொங்கிரீட் தடுப்புக்குப் பின்னால் உயரமான இடமாகப் பாருங்கள். அப்படி ஒரு இடம் அந்த ட்ராக்கில் இல்லையென்றால், அன்றைக்கு நீங்களும் காரை இறக்க வேண்டாம்.