கேரவன் ஜன்னல்: கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் 1980களில் செய்த கேரவன் எங்களுடையது. அதன் அசல் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஜன்னல்கள் ரப்பரோடு ஒட்டிக்கொண்டுள்ளன. உடையாமல் திறப்பது எப்படி?

பதில்: நடுவில் கைவைத்துத் தள்ளவே வேண்டாம். குளிரில் அக்ரிலிக் எளிதில் நொறுங்கும்; வெயில் ஏறியபின் தொடங்குங்கள். கைப்பிடிகளை எல்லாம் விடுவித்து, ரப்பர் ஓரத்தில் வெதுவெதுப்பான சோப்புநீர் விட்டு, ரப்பருக்கும் ஜன்னலுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகிச் சுற்றிலும் நகர்த்துங்கள்.

விரிசல் பெரும்பாலும் திருகுத் துளையில்தான் கிளம்பும். 1 மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி வெப்பமாற்றத்தில் சுமார் 2 மி.மீ. நீளும், இறுக்கிய திருகு அதற்கு இடம் தராது. ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளையிட்டால் மேலும் ஓடாது. துரப்பணத்தை மெதுவாக ஓட்டுங்கள், அழுத்த வேண்டாம்.

அம்மோனியா, ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் கூடவே கூடாது. வலைபோல் நுண்விரிசல் படரும். அதை மெருகேற்றியும் போக்க முடியாது.