மருத்துவர் பதில்கள்: குடலுக்கு மாத்திரை, கல்லீரலுக்குக் கேடா?

கேள்வி: எனக்கு வயது 34. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சிக்கு மெசலமைன் சாப்பிட்டு வருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான அசாதயோபிரின் 100 மி.கி. சேர்த்தார்கள். இப்போது எஸ்.ஜி.பி.டி. என்னும் கல்லீரல் நொதி கூடி 110 என்று வந்திருக்கிறது. கல்லீரல் பரிசோதனையின் மற்ற எண்களான பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) அல்கலைன் பாஸ்பட்டேஸும் (பித்தநாள அடைப்பில் கூடும் நொதி) சரியாக உள்ளன. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு குடிக்கச் சொல்கிறார் என் மாமியார். நிறுத்தலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் இந்த வாரமே உங்கள் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். அசாதயோபிரின் கல்லீரலைத் தொடுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தொடும் என்பதாலும், எஸ்.ஜி.பி.டி. மட்டும் தனியாக ஏறியிருப்பதாலும், மருந்தின் மீது சந்தேகம் விழுவது இயல்புதான். ஆனால் அது ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இடையில் ஸ்டீராய்டு எடுத்து எடை கூடியிருந்தால் கொழுப்புக் கல்லீரலாக இருக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் முன்பே செய்யப்படவில்லையென்றால் அவற்றையும் செய்தாக வேண்டும்.

மருந்துதான் காரணம் என்று தெரிந்தால், அளவைக் குறைத்தோ, மெர்காப்டோபூரின் என்னும் உறவுக்கார மருந்துக்கு மாற்றியோ பார்ப்பதுண்டு. அசாதயோபிரினை வழக்கமான அளவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே கொடுத்து, யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினாலைச் சேர்த்தால், மருந்து உடலில் மாறும்போது உண்டாகிக் கல்லீரலைத் தாக்கும் வளர்சிதைப் பொருள் குறைந்து மருந்தின் பலன் நிலைப்பதும் உண்டு. ஆனால் முழு அளவு அசாதயோபிரின் சாப்பிடுபவருக்கு, மூட்டு வலிக்கென்று யாரோ இதே அலோபியூரினாலை எழுதிக் கொடுத்துவிட்டால் இரத்த வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லியை நஞ்சென்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடும் நேரத்தில் இன்னொரு பொருளை உள்ளே விட்டால், எண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று சொல்ல முடியாது. சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று மாமியாரிடம் ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: பெருங்குடல் அழற்சியுள்ள என் மகனுக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் மிகவும் கூடியிருந்தது. பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கியுள்ளன என்றார்கள். வயிற்றில் தொந்தரவே இல்லாதபோதும் ஆண்டுதோறும் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இது மருந்தால் வந்ததாகத் தெரியவில்லை; குடல் நோயோடு கூடவே வரும் பித்தநாளத் தழும்பு நோய். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குடல் அழற்சியும் இருக்கும்; அது பல நேரங்களில் தொந்தரவு தராமல் பெருங்குடல் முழுவதும் பரவியிருக்கும். இரண்டும் சேர்ந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால், பித்தநாள நோய் கண்டறியப்பட்ட ஆண்டிலிருந்தே ஆண்டுக்கொரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். இந்தப் பித்தநாள நோய்க்குச் சிலர் எழுதித் தரும் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்து இரத்தப் பரிசோதனை எண்களை இறக்கும். நோயின் போக்கைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை, மிக உயர்ந்த அளவில் தீங்கும் செய்திருக்கிறது. எனவே எண் இறங்கிவிட்டது என்று கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.